கறார் கொடுத்த வழிச்செலவு

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அது கடைப்பலகையில் மட்டும் இருக்கிறது, அதுவும் பாதி வெயிலில் வெளிறிப்போய். தெருவுக்கு அவர் கறார்தான். எதிரில் நிற்கும்போது 'முதலாளி', அந்தப் பக்கம் திரும்பியதும் 'கறார்'. "கறார் கடை எங்கே?" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும்.

கடை, இரும்புச் சாமான் கடை. ஆணி, திருகாணி, கீல், தாழ்ப்பாள், குழாய், சங்கிலி, கயிறு, பெயின்ட். விலை சொன்னால் சொன்னதுதான். பேரம் பேசுகிறவர்களிடம் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சாமானை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். "சில்லறைதானே முதலாளி, விடுங்க" என்றால், "சில்லறைதானே, நீங்க விடுங்களேன்" என்பார். பார்சலில் வருகிற சணலை முடிச்சு அவிழ்த்துச் சுருட்டி வைப்பார். வியாபாரம் படுத்துக் கிடக்கும் மத்தியானங்களில் வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவார். விற்பதற்கு அல்ல, சொந்த உபயோகத்துக்கு. இதையெல்லாம் வைத்துக் கஞ்சன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். கஞ்சன் எடையில் கை வைப்பான். இவர் கடையில் வாங்கிய ஆணியில் எடை குறைந்தது என்று சொல்ல ஆள் கிடையாது. கூடியது என்று சொல்லவும் ஆள் கிடையாது.

இப்படிப்பட்டவர் வருஷா வருஷம் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு வழிச்செலவு கொடுக்கிறார் என்று சொன்னால் தெரு வாய்விட்டுச் சிரிக்கும். ஆனால் உண்மை அதுதான்.

தெருக் கோடியில் ஒரு பல்கலைக்கழகம். அதில் தாவரவியல் துறை. அங்கே ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் மேசையில் உட்கார்ந்து மட்டும் படித்து முடிக்க முடியாது. எங்கேயோ ஒரு மலை, எங்கேயோ ஒரு கடற்கரை, இல்லையென்றால் வேறு தேசத்து அருங்காட்சியகத்தில் காகிதத்தில் ஒட்டிவைத்த பழைய உலர்ந்த செடி, அதைப் போய்க் கண்ணால் பார்த்தாக வேண்டும். அவர்களுக்கு வருகிற உதவித்தொகை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே மூச்சு வாங்கும். துறையைக் கேட்டால் நிதி இல்லை என்று கையை விரிக்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்குப் போக, வர, தங்க, சாப்பிட எல்லாவற்றுக்கும் 'பேர் சொல்ல விரும்பாத ஒருவர்' கொடுக்கிறார் என்று துறை வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒருவர் நம் கறார்.

இது ஆரம்பித்தது ஒரு மழை நாளில். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி நைலான் கயிறும், மூடி போட்ட சின்ன டப்பாக்களும் வாங்கக் கடைக்கு வந்தாள். கல்லாவில் கறார், கயிறு அளக்கும் இடத்தில் அவர் மனைவி. "எதுக்கும்மா இத்தனை டப்பா?" என்று அவள் கேட்டதில் பிடித்துக்கொண்டது பேச்சு. செடி, வேர், எந்தச் சரிவில் எது முளைக்கும் என்று இரண்டு பேரும் மழை விட்டதுகூடத் தெரியாமல் பேசினார்கள். கறார் கல்லாவிலிருந்து மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. இத்தனை காலம் எங்கே போயிருந்தது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கிளம்பும்போது அந்த மாணவி, தூரத்தில் ஒரு தீவுக்குப் போனால்தான் வேலை முழுமையாகும், காசில்லாததால் பக்கத்துக் குன்றோடு முடித்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். மனைவி கயிற்றில் இரண்டு சாண் கூடுதலாகவே விட்டு வெட்டினாள். கறார் பார்த்தார். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். அன்று சாப்பிடும்போது மனைவி சொன்னது ஒன்றே ஒன்று. "பாவம், அந்தப் பொண்ணோடதும் பாதியில நின்னுடும் போல."

'அந்தப் பொண்ணோடதும்' என்றதில் இருந்த 'உம்' அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

மனைவியும் அதே துறையில் ஆராய்ச்சி செய்தவள். அவளுடையது பெரணி; பூக்காமல் காய்க்காமல் ஓடைக்கரை ஈரத்தில் இலை விரித்து நிற்குமே, அந்தச் செடி. ஒரு மலையில் அவள் பறித்துக்கொண்டு வந்த பெரணிக்கு யாராலும் பேர் சொல்ல முடியவில்லை. புதிய செடியாக இருக்கலாம். அல்லது, முன்னொரு காலத்தில் எவரோ பறித்துக் கப்பலேற்றி, தூரதேசத்து அருங்காட்சியகம் ஒன்றில் பேர் சூட்டி ஒட்டிவைத்த செடியாகவே இருக்கலாம். நேரில் போய் அந்த முதல் செடியோடு ஒப்பிட்டால்தான் சந்தேகம் தீரும். போவதற்கு ஏற்பாடெல்லாம் ஆனது. அந்தச் சமயம் பார்த்துக் கறாரின் அப்பா கடை ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டார். வீட்டில் வேறு பெண்துணை இல்லை. "இந்த வருஷம் வேண்டாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவளேதான் சொன்னாள். அவர் சரி என்றார். அப்புறம் மகள் பிறந்தாள். மாமனார் படுக்கையிலேயே பல காலம் கிடந்தார். அதற்குப் பிறகு கடையும் அவளும் ஒருவரையொருவர் விடவில்லை. மகள் வளர்ந்து வேலை கிடைத்துக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். அந்த 'அப்புறம்' மட்டும் வரவே இல்லை.

மழை நாளுக்குப் பிறகு வந்த கடை விடுமுறையில், முடிவெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கறார் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முடியையும் வெட்டிக்கொண்டுதான் போனார். பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது பாருங்கள். துறைத்தலைவி, மனைவியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்.

"என்னண்ணா, பூட்டு சரியில்லைன்னு சொல்லி அனுப்பினேனே, அதுக்கா நீங்களே வந்தீங்க?"

"பூட்டு இல்லைங்க மேடம். கொஞ்சம் பணம் குடுக்கணும்."

"யாருக்கு?"

"வெளியூர் போய்ச் செடி பார்க்கிற பிள்ளைங்களுக்கு."

துறைத்தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எதிரில் இருந்தது கறாரேதான். அவர் நிபந்தனைகளைச் சொல்லிக்கொண்டு போனார். விஷயம் காதும் காதும் வைத்த மாதிரி இருக்க வேண்டும். முக்கியமாக அவர் வீட்டுக்குத் தெரியக் கூடாது. கொடுத்ததற்கு ரசீது வேண்டும். போகிற பிள்ளை வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிக்கக் கூடாது. வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிட வேண்டும். கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் மனைவி ஒரு சாயங்காலம் கடைக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். "ஏங்க, என்னைத் தேர்வுக் குழுவுல உட்காரச் சொல்றாங்க! யாரோ ஒரு புண்ணியவான் பிள்ளைங்களுக்கு வழிச்செலவு குடுக்கறாராம், யாருக்குக் குடுக்கலாம்னு நான் பார்த்துச் சொல்லணுமாம்!" கறார் கல்லாப் பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். மறுநாளே துறைத்தலைவியிடம் போய் நின்றார்.

"என்னங்க மேடம், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"உங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னீங்க, சொல்லல. உங்க பொண்டாட்டியைக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லலையே அண்ணா? செடி படிப்பை இவ்வளவு ஆழமா, பெரணி வரைக்கும் படிச்சவ இந்த ஊர்ல அவ ஒருத்திதான்."

கறாரிடமே கறாராகப் பேசினால் அவர் என்ன செய்வார்? திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வருஷத்தில் அந்த ஒரு நாள் வீடே வேறாகிவிடும். மனைவி இருப்பதில் நல்ல துணியை எடுத்து உடுத்திக்கொள்வாள். கண்ணாடி முன்னால் நின்று தலையை இரண்டு முறை வாருவாள். பிள்ளைகள் முந்தியே எழுதிக் கொடுத்ததை வரி விடாமல் படித்திருப்பாள். திரும்பி வந்து சாப்பாட்டுத் தட்டைப் போட்டதும் ஆரம்பிப்பாள். ஒருத்தன் கடற்பாசிக்காக எந்தக் கடலுக்குப் போகப் போகிறான், ஒருத்தி விதைகளுக்குள் என்ன தேடுகிறாள், எவன் படிக்காமலே வந்து மாட்டிக்கொண்டான் என்று கை கழுவும் வரை பேச்சு ஓயாது. கறாருக்குப் பாதி புரியாது. புரியாத பாதிதான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியில் எப்போதும் அந்தப் பேர் தெரியாத ஆளிடம் வந்து நிற்பாள். "யாரோ பெத்த பிள்ளைக்கு இப்படிக் குடுக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்! நல்லா சாப்பிடணும்னு வேற சொல்லியிருக்காராம், தாய் மாதிரி. நீங்களும் இருக்கீங்களே, தச்சருக்கு ஒரு சாண் கம்பி சேர்த்துக் குடுக்கறதுக்குள்ள..." கறார் தட்டைப் பார்த்தபடி "ம்" என்பார். உள்ளுக்குள் சந்தோஷம் பிடிபடாது. கூடவே அந்த ஆளின் மேல் கொஞ்சம் பொறாமையும் வரும். நம்மைப் பற்றி இவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று.

ஒரு வருஷம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "வரியைக் குறைக்கறதுக்காகக் குடுக்கறானோ என்னவோ" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு வந்ததே கோபம். "எல்லாரையும் உங்களை மாதிரியே நினைக்காதீங்க!" என்று எழுந்து போனவள் அடுத்த நாள் மத்தியானம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. தனக்காகத் தன்னிடமே சண்டை போட்ட மனைவியை நினைத்து நினைத்து அவர் ஆணி நிறுத்துக்கொண்டே சிரித்தார். வாங்க வந்த கொத்தனார் பயந்துபோய்த் தராசை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

இந்த வருஷமும் அந்த நாள் வந்தது. மனைவி நல்ல துணி உடுத்திக்கொண்டு போனாள். திரும்பி வந்தாள். தட்டைப் போட்டாள். பேசவில்லை. கறார் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, "ஏன், இந்தத் தடவை யாரும் சரியில்லையா?" என்று கேட்டார். "தலைவலி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.

காலையில் கடை திறந்ததும் அவள் செய்த முதல் வேலை, அளவு கலந்துபோன திருகாணி டப்பாவை இழுத்துக் கொட்டிக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தது. மனசு சரியில்லையென்றால் அவள் திருகாணி பிரிப்பாள். கறார் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். தானும் இரண்டு திருகாணியை எடுத்துப் பிரித்தார்.

"நேத்து ஒரு பொண்ணு வந்திருந்தா" என்றாள் அவள், தலை நிமிராமல். "அவளும் என்னோட பெரணிதாங்க."

அவருக்கு முதலில் பிடிபடவில்லை.

"அதே மலை, அதே ஓடைக்கரை. அங்கதான் அவளும் பறிச்சிருக்கா. அதே சந்தேகம். அந்த அருங்காட்சியகத்துக்குப் போய் முதல் செடியைப் பார்த்தாத்தான் தீரும்னு சொல்றா. அன்னிக்கு நான் எங்க புரொபசர்கிட்ட சொன்னதை அப்படியே யாரோ திருப்பிச் சொல்ற மாதிரி இருந்துச்சு."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான். அவளுக்குத்தான் நான் எல்லாரையும்விட மேல மார்க் போட்டிருக்கணும். கடைசியில போட்டேன்." அவள் கை நின்றது. "அதோட விட்டேனா? 'இப்பல்லாம் எல்லாச் செடியையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டிருக்காங்க, அதைப் பார்த்தா போதாதா, எதுக்கு அவ்வளவு தூரம்'னு கேட்டேன். மத்தவங்க யாரும் பெரணி படிச்சவங்க இல்ல. நான் சொன்னா சரியா இருக்கும்னு தலையாட்டிட்டாங்க."

"படத்துல தெரியாதா?"

"தெரியாதுங்க. பெரணியை அடையாளம் காட்டறதே இலையோட அடிப்பக்கம்தான். அங்கதான் வித்துக்கூடு பொட்டுப் பொட்டா இருக்கும். அந்த முதல் செடியை ஒட்டின மகராசன் மேல்பக்கம் மட்டும் தெரியற மாதிரி ஒட்டி வச்சுட்டான். நேர்ல போய், இலை நுனியை மெதுவாத் தூக்கி, பூதக்கண்ணாடி வச்சுத்தான் பார்க்கணும். இது எனக்கும் தெரியும், அந்தப் பொண்ணுக்கும் தெரியும். அவ என்னைப் பார்த்தா. என்னமோ சொல்ல வந்தா. அப்புறம், 'சரிங்க மேடம்'னு எழுந்து போயிட்டா."

கறார் இன்னொரு திருகாணியை எடுத்தார்.

"வயிறு எரிஞ்சுதுங்க. நான் பார்க்காததை இவ பார்க்கப் போறாளேன்னு. நம்ம பொண்ணைவிடச் சின்னவ அவ. சட்டைக் காலர்ல தையல் விட்டதைத் தானே தைச்சுப் போட்டுக்கிட்டு வந்திருந்தா. அவளைப் போய்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவ ஒருத்தி உட்கார்ந்து நியாயமாப் பார்ப்பான்னு நம்பித்தானே அந்த மனுஷர் குடுக்கறார்? அவர் என்னிக்காவது எதிர்ல வந்து நின்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு பார்ப்பேன்?"

அந்த மனுஷர் கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு திருகாணியை எந்தக் குவியலில் போடுவது என்று தெரியாமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். நான்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் தேர்வுக் குழுவில் அவளுக்கு இருக்கும் நாற்காலி போய்விடும். கடைக்காரர் மனைவி என்பதற்காக இல்லாமல், அவள் படித்த படிப்புக்காக அவளை உட்காரவைக்கிற ஒரே நாற்காலி உலகத்தில் அதுதான். அதுவும் புருஷன் காசில் வாங்கியதுதானா என்று அவள் நினைத்துவிட்டால்? சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்ணின் பயணம் போய்விடும். அதைவிட, இவள் இனி தன்னையே மன்னிக்க மாட்டாள். கறார் தன் வாழ்நாளில் எந்தக் கணக்குக்கும் இப்படித் திணறியதில்லை.

"இப்ப வந்துடறேன், கடையைப் பார்த்துக்கோ" என்று எழுந்தார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை.

துறைத்தலைவியின் அறைக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தார். நடந்ததைச் சொல்லவில்லை, மனைவியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. "இந்த வருஷம் யாரை எடுத்திருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கடற்பாசி ஆராய்ச்சி பண்ற ஒரு பையனுக்குத்தான் மார்க் ஜாஸ்தி வந்திருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் போர்டுல போடணும். ஏன்?"

"பெரணி பார்க்கப் போகணும்னு ஒரு பொண்ணு கேட்டிருக்கே, அதையும் அனுப்புங்க. ரெண்டு பேருக்கும் நானே குடுத்திடறேன்."

"அண்ணா, பணம் உங்களோடது, இன்னும் நாலு பேருக்கு வேணும்னாலும் குடுங்க. ஆனா, போக வேண்டிய அவசியம் இல்லைன்னு உங்க பொண்டாட்டி சொல்லி, குழு ஏத்துக்கிட்டிருக்கு. அதை மீறி நான் அனுப்பினா, அவ வார்த்தைக்கு மதிப்பில்லைன்னு ஆயிடும். அதுதான் உங்களுக்கு வேணுமா?"

அப்போதுதான் கறார் கவனித்தார், துறைத்தலைவி தன்னைப் பார்க்கவில்லை, தன் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார். திரும்பினார். வாசலில் மனைவி நின்றிருந்தாள், கையில் கடைச் சாவிக்கொத்தோடு.

"கடை?" என்றார் கறார். அந்த நேரத்தில் அவர் வாயில் அதுதான் வந்தது.

"பூட்டிட்டேன்." அவள் குரல் கீழே இறங்கியிருந்தது. "மார்க்கை மாத்தச் சொல்லலாம்னு வந்தேன். 'நானே குடுத்திடறேன்'னு உங்க குரல் கேட்டுச்சு."

மனைவி அவரைப் பார்த்தாள், தோழியைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தான் புகழ்ந்த புகழ்ச்சியெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்துபோயிற்று. ஆனால் அவள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய்த் தோழிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"முதல்ல வந்த வேலை. அந்தப் பொண்ணுக்கு நான் போட்ட மார்க் தப்பு. படம் போதும்னு சொன்னதும் தப்பு. தெரிஞ்சே சொன்னேன். பொறாமையில சொன்னேன்டி. குழுவைக் கூப்பிடு, அவங்க முன்னாடியும் சொல்றேன்."

"சொல்லிடு" என்றார் துறைத்தலைவி மென்மையாக.

"இன்னொண்ணு. இவர் காசு குடுத்தார்ங்கறதுக்காகத்தான் என்னை உட்காரவச்சியா?"

"அடியே, உன்னைக் கூப்பிட்டா இவர் என்னைக் கொன்னுடுவாருன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். ராஜா குடுத்திருந்தாலும் உன்னைத்தான் கூப்பிட்டிருப்பேன். நம்ம பெஞ்சுல உன்னைப் பார்த்துத்தானே நாங்க எல்லாரும் எழுதினோம்? ஆனா இனிமே முடியாது. குடுக்கறவர் யாருன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு, அவர் உன் வீட்டுக்காரர். முறைப்படி நீ எழுந்துக்கணும்."

"எழுந்துக்கறேன்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, நாற்காலியின் கையை ஒருமுறை தடவிக்கொண்டாள். அதைப் பார்க்கக் கறாருக்குத் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழுவில் இருந்த மற்ற மூவரும் வந்தார்கள். அவள் சொன்னாள். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு அனுப்பி, "நேத்து உன்கிட்ட நான் நியாயமா நடந்துக்கலம்மா. அடிப்பக்கத்தை நேர்ல போய்த்தான் பார்க்கணும், நீ சொன்னதுதான் சரி" என்றாள். அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள். அப்புறம் சட்டென்று குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கடற்பாசிப் பையனுக்கும் பயணம் உண்டு என்று முடிவானது. கறார் இரண்டு பேர் என்று சொல்லிவிட்டார் அல்லவா, விலை சொன்னால் சொன்னதுதான்.

திரும்பும் வழியில் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நடந்தார்கள். தபால் நிலையம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். மருந்துக்கடை வந்தது, தையல்கடை வந்தது. அவள் நின்றாள். "ஒண்ணு கேட்கறேன், கோச்சுக்காம சொல்லுங்க. இத்தனை பேரை அனுப்பினீங்களே. என்னை அனுப்பணும்னு ஒரு தடவைகூடத் தோணலையா?"

இந்தக் கேள்வி என்றாவது வரும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பதில் தயார் செய்து வைக்கவில்லை. ரோட்டு ஓரத்தில், போகிற வருகிறவர்கள் தோளில் இடித்துக்கொண்டு போக, கறார் உள்ளதைச் சொன்னார்.

"தோணுச்சு. ஒவ்வொரு வருஷமும் தோணுச்சு. பயமா இருந்துச்சு. உன்னைக் கூப்பிட்டுச் சொன்னா, அன்னிக்கு நடந்ததையும் சொல்லணும். அப்பா விழுந்தப்ப, நீ போகலைன்னு சொன்னியே, அப்ப எனக்கு வருத்தமா இல்ல. சந்தோஷமா இருந்துச்சு. நீ என்கூடவே இருக்கப் போறேன்னு. உன் படிப்பு போறது தெரிஞ்சும் சந்தோஷமா இருந்துச்சு."

"தெரியும்" என்றாள் அவள்.

"தெரியுமா?"

"உங்க முகத்துல எதுதான் ஒளியும்? அப்பவே பார்த்தேன். அதைப் பார்த்து எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு. ஒருத்தருக்கு நம்ம மேல இவ்வளவு ஆசையான்னு. அதுதாங்க கஷ்டம். பிடிக்காம இருந்திருந்தா உங்களைத் திட்டிட்டுப் போயிருப்பேன்."

கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். பட்டப்பகலில் கறார் கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்துத் தெருவே கூடியிருந்தது. யாருக்கு என்ன ஆயிற்று என்று தையல்காரர் விசாரித்துக்கொண்டிருந்தார். கொத்தனார், குழாய் வேலைக்காரர், தாழ்ப்பாள் வாங்க வந்த ஒரு அம்மாள், பெயின்ட் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒருவர் என்று ஏழெட்டுப் பேர் ஒரே சமயத்தில் "முதலாளி, முதலாளி" என்று மொய்த்தார்கள். மனைவி பூட்டைத் திறந்தாள். இருவருமாகக் கதவைத் தூக்கினார்கள். அவள் கயிறு அளக்கும் இடத்துக்குப் போனாள். அவர் கல்லாவுக்குப் போகவில்லை. அவள் எதிரில் போய் நின்றார்.

"அந்தப் பொண்ணு கிளம்பும்போது நீயும் கிளம்பு. என் செலவுல இல்ல, நம்ம கடைச் செலவுல. நீ நின்ன கடை இது. போய், நீயே இலையைத் தூக்கிப் பாரு."

"அது அந்தப் பொண்ணோட வேலைங்க. அவதான் தூக்கிப் பார்க்கணும்." அவள் கொத்தனாருக்குக் கயிறு அளந்துகொண்டே சொன்னாள். அளந்த கயிற்றையே மறுபடி அளந்தாள். "நான் வேணும்னா பக்கத்துல நின்னு பார்க்கறேன்."

"நின்னு பாரு. எத்தனை நாள் வேணும்னாலும் நின்னு பாரு."

"போனா உடனே திரும்ப மாட்டேன். அந்த ஒண்ணு மட்டும் இல்ல, அங்க அறை அறையா பெரணி வச்சிருக்காங்க."

"எல்லாத்தையும் பார்த்துட்டு வா."

"முதலாளி, எனக்கு ரெண்டு கீல்..." என்று ஆரம்பித்த குழாய் வேலைக்காரரைத் தாழ்ப்பாள் அம்மாள் கையைப் பிடித்து அடக்கினாள்.

மனைவி கயிற்றைக் கீழே வைத்தாள். "அத்தனை நாளும் நீங்க இங்க தனியா என்ன பண்ணுவீங்க?"

கறார் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தன் பெரிய கடையையும், தனக்காகக் காத்து நிற்கிற இத்தனை பேரையும் அன்றுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நீ எப்போ வருவேன்னு பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றார். "வேற என்ன வேலை எனக்கு?"